பெண் பார்ப்பது இலத்தூரில், மாமியார் வீடு சைபீரியாவில்! தெரியுமா?

தை பிறந்ததும் ஒரு நாள் வெள்ளனே எழுந்து இலத்தூர்க் குளத்துக் கரையில் நின்று பாருங்கள். மேற்கே குற்றால மலை பனிமூட்டத்தில் பாதி தெரியும், பாதி தெரியாது. தண்ணீரின் நடுவே சாக்லேட் நிறத் தலையும் வெள்ளைக் கழுத்தும் ஊசி மாதிரி நீண்ட வாலுமாக நாலைந்து ஆண் வாத்துகள், தவிட்டு நிறப் பெட்டை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வரும். ஒன்று கழுத்தை நிமிர்த்தும், ஒன்று வாலைத் தூக்கும், ஒன்று மெல்ல விசிலடிக்கும். பெட்டையோ எதையும் கண்டுகொள்ளாததுபோல் நீந்திக்கொண்டே இருக்கும். என்ன நடக்கிறது தெரியுமா? பெண் பார்க்கும் படலம்!

ஊசிவால் வாத்து என்று பெயர். கோடையில் அதற்கு வீடு சைபீரியா மாதிரியான வடதேசத்துச் சதுப்புகள். அங்கே தண்ணீர் உறைகிற நேரத்தில் கிளம்பி நம்ம பக்கத்துக் குளங்கள்வரை வந்துவிடும். வந்த இடத்தில்தான் ஜோடி சேரும். ஜோடி சேர்ந்தபின் யார் ஊருக்கு யார் போவது? பெட்டை முன்னால் பறக்கும், ஆண் பின்னாலேயே போய்ச் சேரும். வீட்டோட மாப்பிள்ளை! வாத்து இனங்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். பெட்டை தன் பழைய இடம் தேடிப் போக, மாப்பிள்ளை முன்பின் பார்த்திராத தேசத்தில் போய் இறங்கும். ரொம்பவும் உச்சுக்கொட்டிவிடாதீர்கள். பெட்டை முட்டையில் உட்கார்ந்ததும் ஆள் நைசாக நழுவிவிடும். அடுத்த தையில் வேறு குளம், வேறு பெண்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே பைனாகுலர் வாங்கினவர். தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011 முதல் ஜனவரி தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறதே, அதில் ஒரு வருஷம் சும்மா எட்டிப் பார்க்கப் போனவர், அப்புறம் வீட்டில் தங்கவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷம் என்னை ஒரு வெளிநாட்டுக்கும் கூட்டிப்போகாத மனிதர், திடீரென்று ஒரு நாள், "ஏளா, சிலோன் போவமா?" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை!

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால், ஜோடியாக வெளிநாடு போவதில் பறவைகள் நமக்கெல்லாம் தாத்தா என்பது தெரியுமா?

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னந்தலையில் இரண்டு கறுப்புக் கோடு, யாரோ மைக்குச்சியால் இழுத்துவிட்ட மாதிரி. மங்கோலியா, திபெத்து வட்டாரத்திலிருந்து வருகிறது. நடுவில் இமயமலை இருக்கிறதே என்றால், அதன் மேலேயே ஏறித் தாண்டுகிறது! உடம்பில் கருவி கட்டி ஆராய்ந்தபோது ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரம் தொட்டது பதிவானது. அந்த உயரத்தில் நமக்கு நாலடி நடக்கவே மூச்சு முட்டும். இந்த வாத்துக்கோ, காற்றிலிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனையும் இறுகப் பற்றிக்கொள்ளும் ரத்தம். அதைவிட ஆச்சரியம், இது புருஷன், பெண்டாட்டி, அந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று குடும்பத்தோடு கிளம்பும் கூட்டம். ஊசிவால் வாத்து மாதிரி தை தோறும் பெண் தேடுவதில்லை. ஒருமுறை சேர்ந்த ஜோடி பனிக்காலத்திலும் பிரியாது. வந்து இறங்குகிற கூந்தன்குளத்திலோ ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. மரத்திலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்த பால்பாண்டியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவரும் தனியாக அல்ல, மனைவியும் சேர்ந்தே அந்தக் குஞ்சுகளை வளர்த்தார்.

இன்னொரு ஜோடி, பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் எல்லோரும் சந்தித்த ஜோடி. சத்திமுத்தப் புலவர் மதுரைக் குளிரில் நடுங்கிக்கொண்டு, மேலே பறக்கும் செங்கால் நாரையைக் கூப்பிட்டுத் தன் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினாரே, அந்த நாரை தனியாகவா போயிற்று? மனைவியோடு தென்குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புவதாகத்தான் புலவர் கற்பனை. தான் மனைவியைப் பிரிந்து கிடக்கிறபோது மேலே ஒருத்தன் ஜோடியாகப் போனால் யாருக்குத்தான் கண்ணில் படாது?

ஆனால் நாரைகள் நிஜத்தில் அப்படிப் போவதில்லை என்பது தெரியுமா? பெருங்கூட்டமாகத்தான் போகும். அந்தக் கூட்டத்தில் இவன் பெண்டாட்டி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் ஆண் முன்னால் திரும்பி வந்து பழைய கூட்டைப் பிடித்துச் செப்பனிடும். பெட்டை பிறகு வந்து சேரும். இரண்டையும் சேர்த்து வைப்பதில் பாதிப் பங்கு அந்தக் கூட்டுக்கு! எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அதை இங்கே எழுதினால் சண்டை வரும்.

நாரை விஷயத்தில் ஐரோப்பியர்கள் பட்ட பாடு அதைவிட வேடிக்கை. பனிக்காலத்தில் பறவைகள் எங்கே மறைகின்றன என்று அவர்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. குளத்துச் சேற்றுக்குள் தூங்குகின்றன என்றார்கள், நிலாவுக்குப் போகின்றன என்றுகூட ஒருவர் எழுதினார். 1822-இல் ஜெர்மனியின் கிளூட்ஸ் என்ற ஊரில் ஒரு செங்கால் நாரையைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் கழுத்தில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஓர் அம்பு! ஆப்பிரிக்க மரத்தில் செய்த அம்பு! கழுத்தில் அம்பு குத்திய நிலையிலேயே கடல் தாண்டி வீடு திரும்பியிருக்கிறது அது. ஆசாமி எங்கே போய் வந்தார் என்பதற்குக் கையெழுத்துப் போட்ட பாஸ்போர்ட். ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் அந்த நாரை அம்போடு நிற்கிறது.

குரோவேசியாவில் ஒரு நாரைப் பெட்டை, பெயர் மலேனா. 1993-இல் வேட்டைக்காரர் சுட்டதில் சிறகு போயிற்று. பள்ளிக்கூட ஊழியர் ஒருவர் எடுத்து வந்து, கூரையில் கூடு அமைத்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார். பறக்க முடியாத அந்தப் பெட்டைக்குப் பல வருஷம் கழித்து ஒரு மாப்பிள்ளை அமைந்தது, கிளெபெட்டான். அது ஒவ்வோர் ஆண்டும் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டு, ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் பறந்து, அதே கூரைக்குத் திரும்பி வந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, பதினைந்து வருஷத்துக்கும் மேல்! வருகிற நாளில் ஊரே தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்குமாம். 2021-இல் மலேனா இறந்துபோனது. இதைச் சொல்லும்போது மட்டும் எங்கள் வீட்டுக்காரர் பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

சரி, தனித்தனியாக ஊர் சுற்றிவிட்டுச் சொல்லி வைத்த மாதிரி ஒரே நேரத்தில் வீட்டு வாசலில் சந்தித்தால்? அப்படியும் ஒரு ஜோடி உண்டு! கருவால் மூக்கன், நம்ம ஊர் ஈரநிலங்களுக்கும் வரும் நெட்டைக்கால் பறவை. ஐஸ்லாந்தில் முட்டையிடும் கருவால் மூக்கன்களை வளையம் மாட்டிக் கவனித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. குளிர்காலத்தில் கணவன் ஒரு தேசம், மனைவி ஒரு தேசம். இடையில் சராசரியாக ஆயிரம் கிலோமீட்டர் தூரம். போனும் இல்லை, கடிதாசியும் இல்லை. அப்படியிருந்தும் வசந்தத்தில் இரண்டும் ஐஸ்லாந்தில் வந்து இறங்கும் நாளுக்கிடையே வித்தியாசம் சுமார் மூன்றே நாள்! தாமதமானால்? காத்திருப்பு எல்லாம் கிடையாது, வேறு ஜோடி.

இப்போது எங்கள் சிலோன் கதை.

மதுரையில் ஏறினோம், ஒரு மணி நேரத்தில் கொழும்பு. காலிமுகத் திடல், கடற்கரை, கண்டி, கதிர்காமம் என்று நான் மனதுக்குள் பட்டியல் போட்டிருந்தேன். இவர் நேராக என்னைக் கொண்டுபோய் இறக்கியது சிங்கராஜக் காட்டில். 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான மழைக்காடு. மழை என்றால் குற்றாலச் சாரல் மாதிரி முகத்தில் தெளிக்கிற மழை அல்ல, தலையில் கொட்டுகிற மழை. காலில் முழங்கால்வரை அட்டைக்காகவென்றே ஒரு துணி உறை. அப்படியும் இவர் சட்டைக் காலருக்குள் ஓர் அட்டை போய் வயிறு நிரம்பும்வரை குடித்துவிட்டு உருண்டு விழுந்தது. "எவ்வளவு ரத்தம் போச்சு பாத்தியாளா" என்று கேட்டவரிடம், "அது வெளிநாட்டு அட்டைங்க, அதுக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு பிடிச்சிருக்கு" என்றேன்.

அந்தக் காட்டில் பறவைகள் இனம் இனமாக மேயாது, கூட்டணி அமைத்துத்தான் மேயும் என்பது தெரியுமா? அரை மணி நேரம் ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று தவிட்டுக்குருவிக் கூட்டம் சலசலவென்று வரும். அதோடு கரிச்சான், மரங்கொத்தி, தீக்காக்கை, நீல நிறத்தில் செவ்வலகோடு இலங்கைக்கே உரிய நீலக்காக்கை என்று பத்துப் பன்னிரண்டு இனம் சேர்ந்து காட்டையே கலக்கிக்கொண்டு போகும். ஒருத்தன் பூச்சியைக் கிளப்புவான், இன்னொருத்தன் பிடிப்பான், கழுகு வந்தால் மூன்றாமவன் கத்துவான். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து மறுபடி மௌனம். இதே காட்டுப் பக்கம் ஒரு புது ஆந்தையைச் சத்தத்தை மட்டும் கேட்டே ஆறு வருஷம் தேடினார் தீபால் வரகாகொட என்ற இலங்கைப் பறவையியலாளர். 1995-இல் குரல் கேட்டார், 2001-இல் கண்ணால் கண்டார், 2004-இல் உலகுக்கு அறிவித்தார். செரண்டிப் ஆந்தை!

எங்கள் ஆள் வந்தது ஆந்தைக்கு அல்ல. இலங்கைத் தவளைவாயன் என்ற பறவைக்கு. வழிகாட்டி ஈரக் கொடிகளை விலக்கி எங்களை உள்ளே கூட்டிப்போய், ஒரு நாணல் புதரைக் காட்டி, "அங்க இருக்குது" என்று கிசுகிசுத்தார். இவர் பைனாகுலரைத் திருகினார். திருகினார், திருகினார், பத்து நிமிஷம் திருகினார். நான் வெறும் கண்ணால் பார்த்தேன். காய்ந்த பலா இலை இரண்டு, கிளையில் ஒட்டிக்கொண்டு. ஒன்று சாம்பல், ஒன்று செங்கல் நிறம். இலைக்கு மீசை இருக்குமோ? மூக்குக்கு மேல் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருந்தது. செங்கல் நிற இலை ஒரு கண்ணை நூலளவு திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"ஏங்க, அந்த ரெண்டு இலைதாங்க அது."

சாம்பல் ஆண், செங்கல் பெண். பகல் முழுக்க இப்படித் தோளோடு தோள் ஒட்டி, முகத்தை மேலே தூக்கி, அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரவில்தான் வாயைத் தவளை மாதிரி அகலத் திறந்து பூச்சி பிடிக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. அலைச்சலும் கிடையாது, வெளிநாடும் கிடையாது. பிறந்த காட்டிலேயே வாழ்க்கை. நான் பார்த்த ஜோடிகளிலேயே எனக்குப் பிடித்த ஜோடி இதுதான்.

வெளியே வந்து பிளேன்டீ குடிக்கும்போது வழிகாட்டி கேட்டார், எந்த ஊர் என்று. தென்காசிப் பக்கம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஐயோ அம்மா, இந்தப் பறவை உங்கட மலையிலயும் இருக்குதுதானே?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தார்.

ஆமாம்! பெயரில்தான் இலங்கை. ஊரோ இலங்கையும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் தாண்டினால் தென்மலை. அந்தக் காட்டில் இதே தவளைவாயன் இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ரயில் டிக்கெட் போதும்!

இன்னொன்று கேளுங்கள். இந்தப் பறவை ஓர் உலக சாதனையையே கவிழ்த்தது தெரியுமா? 2008-இல் ஆலன் டேவிஸ், ரூத் மில்லர் என்ற பிரிட்டிஷ் ஜோடி வேலையை விட்டது, வீட்டை விற்றது, விற்ற காசில் வருஷம் முழுக்க உலகம் சுற்றிப் பறவை பார்த்தது. ஒரே ஆண்டில் 4,341 இனங்கள்! வீட்டை விற்றுப் பறவை பார்க்கிற யோசனைக்கு மனைவி சம்மதித்தாள் என்பதே எனக்கு முதல் அதிசயம். அந்தச் சாதனை ஏழு வருஷம் நின்றது. 2015 செப்டம்பர் 16 அன்று நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்க இளைஞர், கேரளத்தின் தட்டேக்காட்டில், 4,342-ஆவது இனத்தைப் பார்த்து அதை முறியடித்தார். அந்த 4,342-ஆவது எது? நம்ம காய்ந்த இலை! தவளைவாயன்! அந்த வருஷத்தை அவர் 6,042-இல் முடித்தார். ஜோடியாக வைத்த சாதனையை உடைத்தவர் தனி ஆள். உடைக்க உதவியதோ, ஜோடியைவிட்டு நகராத ஒரு பறவை.

ஜோடியை விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபீபி ஸ்னெட்சிங்கருக்கு 1981-இல் தோல் புற்றுநோய், ஒரு வருஷம்கூடத் தாங்காது என்றார்கள். மருத்துவமனைக்குப் பதிலாக அவர் அலாஸ்காவுக்குப் பறவை பார்க்கப் போனார்! பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். 1995-இல் 8,000 இனங்களைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான். கணவர் பெரும்பாலும் வீட்டில். மகள் கல்யாணத்துக்குக்கூட அம்மா இல்லை, வெளிநாட்டில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். 1999-இல் மடகாஸ்கரில் வேன் கவிழ்ந்து இறந்தார். இவரை மெச்சுவதா, திட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மெச்சுகிற கட்சி.

எலிசபெத் கோல்டு அப்படி இல்லை, கணவர் ஜான் கோல்டு போகிற இடமெல்லாம் போனவர். 1838-இல் ஆஸ்திரேலியா கிளம்பும்போது மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு, மற்றச் சின்னப் பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுப்போனார். கணவர் பறவைகளைச் சேகரிக்க, இவர் வரைந்து தள்ளினார். 1840-இல் திரும்பி, மறு வருஷமே பிரசவத்துக்குப்பின் இறந்துபோனார். புத்தக அட்டைகளில் பெரிதாக நின்றது கணவர் பெயர். ஆனாலும் நம் இமயமலையில் பறக்கும் செக்கச்செவேல் தேன்சிட்டு ஒன்றுக்கு அவர் பெயர், ஆஸ்திரேலியாவின் வானவில் நிறச் சில்லை ஒன்றுக்கும் அவர் நினைவாகவே பெயர். ஏழு நிறத்தில் பெயர் வைத்து என்ன செய்ய, பெண்ணுக்கு வயசு 37.

நம்ம மலைக்கே வந்த தம்பதி யார் தெரியுமா? சாலிம் அலியும் தெஹ்மினாவும்! 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார் சாலிம் அலி. கூடாரம், மாட்டுவண்டி, காட்டு பங்களா என்று அவரோடு அலைந்தார் தெஹ்மினா. இங்கிலாந்தில் படித்த பெண், எல்லா வசதியையும் விட்டுவிட்டு! அவர்கள் முகாமிட்ட ஊர்களில் நம்ம தென்மலையும் உண்டு. அன்றைக்கு அது தென்காசிக்காரனுக்கு வேறு ராஜ்யம். செங்கோட்டையே திருவிதாங்கூர் மகாராஜா கையில்தான் இருந்தது, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக தென்காசியிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்ச தூரம் நடந்தாலே சமஸ்தானம் தாண்டிவிடலாம், அந்தக் காலத்தில்! தெஹ்மினா 1939-இல், ஒரு சின்ன அறுவைச் சிகிச்சைக்குப்பின் திடீரென்று இறந்துபோனார். சாலிம் அலி அதன்பின் நாற்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

வெளிநாடு என்ன, வெளித் திண்ணைக்குக்கூட வராத மனைவியும் நம்ம மலையில் உண்டு. இருவாச்சி! முட்டையிடும் நேரத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தைக் குழைத்து வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் பாக்கி. உள்ளே உட்கார்ந்து இறகையும் உதிர்த்துவிடும், நினைத்தாலும் பறக்க முடியாது. மாதக் கணக்கில் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஒன்றொன்றாக ஊட்டும். இதற்கு நேர் எதிர் தாமரைக் குளத்து இலைக்கோழி. நீளவால் இலைக்கோழிப் பெட்டை, நாலு முட்டையை ஒருத்தனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்தவனைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சை மேய்ப்பது எல்லாம் ஆண்கள் பாடு. இதை நான் பக்கத்து வீட்டு மதினியிடம் சொன்னேன். "அந்தக் குளம் எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

சிலோன் போய் வந்த மூன்றாம் மாதம் தென்மலைக்குக் கிளம்பினோம். நானே டிக்கெட் எடுத்தேன். 1904-இல் போட்ட கொல்லம் ரயில் பாதை, அகலப்பாதையாகி 2018-இல் மறுபடி திறந்த பாதை. பகவதிபுரம் தாண்டியதும் காற்றின் வாசனை மாறுகிறது. சுரங்கம், பள்ளத்தாக்கு, மறுபடி சுரங்கம். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் ஏறும்போது பெட்டியிலிருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடின. இவர் மட்டும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்திருப்போம். இவர் சட்டென்று நின்றார். என் கையைப் பிடித்து நிறுத்தி, மூங்கில் புதரைக் காட்டினார். குரலே எழும்பவில்லை.

"ஏளா, பாத்தியா? ரெண்டு. ஒண்ணு சாம்பல், ஒண்ணு செவப்பு. இந்தத் தடவை நான்தான் மொதல்ல பாத்தேன்."

மூச்சுவிடாமல் நின்றோம். கூட வந்த வழிகாட்டிப் பையன் எங்களையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகப் போய், கையை நீட்டி, சிவப்பைக் கிள்ளி எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தான். நிஜமாகவே இலை.